திரை போட்டால்தான் சாப்பாடு

என் சின்ன மகளுக்குச் சாப்பாடு ஊட்டுவதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர்கள் வீட்டில் வேறு யாரோ ஊட்டுகிறார்கள் என்று அர்த்தம். அரை இட்லியைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மெல்ல மாட்டாள், விழுங்க மாட்டாள், துப்பவும் மாட்டாள். மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்க் கோபுரத்தைக் காட்டினால் கோபுரத்தைப் பார்ப்பாள். கிளியைக் காட்டினால் கிளியைப் பார்ப்பாள். இட்லி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடைசியில் கிண்ணத்தில் இருப்பது காய்ந்து, என் பொறுமையும் தீர்ந்து, நான் கத்த ஆரம்பிப்பேன். அப்போதுதான் வாயைத் திறப்பாள், அழுவதற்காக. இட்லி வெளியே விழும்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் கணவர் அதற்குத் துறையூர்க் கோபம் என்று பெயர் வைத்திருக்கிறார். நான் துறையூர்ப் பக்கம் வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பிள்ளைகளைச் சாப்பிடச் சொல்லி யாரும் கெஞ்சியதில்லை. தட்டை வைத்துவிட்டு ஒரு தடவை கூப்பிடுவார்கள். வரவில்லை என்றால் தம்பி தின்றுவிடுவான், அவ்வளவுதான். என் கணவரோ ஸ்ரீரங்கத்தில், தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம் செய்த வீட்டில் வளர்ந்தவர். அவர் மட்டும் நழுவி பேங்க் வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் சாப்பாடு அவருக்கு ஓர் உபசாரம். பக்கத்தில் நின்று ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று யாராவது கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. நாங்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஜாதி, சம்பிரதாயம், சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரு வழியாகச் சமாளித்துவிட்டோம். பிள்ளைக்கு எப்படிச் சோறு போடுவது என்பதில்தான் இன்னும் சண்டை.

சின்னவளுக்கு மூன்று வயது முடிந்த சமயம், ஒருநாள் சாயங்காலம் பெருமாள் புறப்பாடு. எங்கள் வீடு சித்திரை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், மாடியில். மேளச் சத்தம் கேட்டதும் நானும் அவரும், இரண்டாம் வகுப்பு படிக்கும் பெரியவனும், அப்பாவின் தோளில் சின்னவளுமாக ஓடினோம். முனை வீட்டுக்காரர்கள் பெருமாளுக்கு நைவேத்தியமாகத் தோசைத் தளிகை கொடுத்திருந்தார்கள். பல்லக்கை நிறுத்திச் சுற்றிலும் திரையை இழுத்துப் பிடித்தார்கள். பாத்திரத்தோடு, பூஜை செய்யும் பட்டர் ஒருவர் மட்டும் உள்ளே போனார். மணி அடித்தது. அத்தனை கூட்டமும் அந்தத் துணியைப் பார்த்தபடி சும்மா நின்றது.

“உள்ள என்னப்பா பண்றா?” என்று கேட்டாள் சின்னவள்.

“பெருமாள் சாப்பிடறார்.”

“எதுக்கு மூடிட்டா?”

“இத்தனை பேர் வாயையே பார்த்துண்டு நின்னா அவர் எப்படிடி சாப்பிடுவார்?”

திரை விலகிக் கற்பூரம் காட்டி முடிந்ததும் எல்லாருக்கும் தோசை கொடுத்தார்கள். அவள் தன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அவர் சாப்பிடவே இல்லையே? அப்படியே இருக்கே?”

“பெருமாள் ஒரு தடவை பார்த்தாலே போறும். வயிறு ரொம்பிடும்” என்றார் இவர். மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்லக்கூடிய பதிலா அது? அதன் பலனை அனுபவித்தவள் நான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் தயிர் சாதம். வழக்கம்போல் கன்னத்தில் ஒரு வாய் அடங்கிவிட்டது. நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், பெரியவன் ஒரு பக்கம் என்று மூன்று பேரும் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் திடீரென்று நிறைந்த வாயோடு சொன்னாள்: “எல்லாரும் என்னையே பார்க்கறேள்.”

யோசித்தால் நியாயம்தான். இவருக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. கொடியில் கிடந்த குளியல் துண்டை எடுத்து, ஒரு முனையைப் பெரியவனிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து, “பெருமாளுக்குத் திரை!” என்றார். துண்டுக்குள்ளிருந்து கண்டிப்பான குரல் வந்தது. “பட்டர் எங்கே?” இவர்கள் இரண்டு பேரும் திரை பிடிக்கிறார்கள். மிச்சம் இருப்பது நான்தான். கிண்ணத்தோடு குனிந்து உள்ளே போனேன். ஸ்ரீரங்கம் முழுக்கத் தேடினாலும் துறையூர்க்காரி பட்டராக இருந்த சந்நிதி எங்கள் வீட்டு ஹால் ஒன்றாகத்தான் இருக்கும்.

உள்ளே ஈரத்துண்டின் வாசனை. மங்கலான வெளிச்சம். அவள் முகமும் என் முகமும் இவ்வளவு பக்கத்தில். நான் கத்தவில்லை. கத்த முடியாது, சந்நிதி அல்லவா. அவள் வாயைத் திறந்தாள், மென்றாள், விழுங்கினாள், மறுபடியும் திறந்தாள். வெளியே பெரியவன் டம்ளரைக் கரண்டியால் தட்டி மணி அடித்துக்கொண்டிருந்தான். கிண்ணம் காலியானதும் துண்டு விலகியது. அப்பாவும் பிள்ளையும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் கையை உயர்த்தி இருவருக்கும் அருள் கொடுத்தாள். அன்று மதியம் நான் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன். இந்த மனுஷனைக் கல்யாணம் செய்துகொண்டது சரியான முடிவுதான் என்றுகூடத் தோன்றியது.

அப்புறம் என்ன, காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் திரைதான். பிடிக்க ஆளில்லாத மத்தியானங்களில் இரண்டு நாற்காலிக்கு நடுவே துண்டைக் கட்டிவிடுவேன். வெளியூர் போனாலும் பையில் துண்டு இருக்கும். ஒருமுறை சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டலில் பொங்கல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். திரை இல்லாமல் தொட மாட்டேன் என்றுவிட்டாள். இவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் எழுந்து நின்று துண்டை விரித்துப் பிடித்தார். நான் உள்ளே. பெரியவன் ஹோட்டல் டம்ளரை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான். சர்வர் பதறிப்போய் ஓடி வந்தார். “என்ன சார், குழந்தைக்கு வாந்தியா? பக்கெட் கொண்டாரவா?”

“இல்லை, சாப்பிடறா” என்றார் இவர்.

சர்வர் கொஞ்ச நேரம் துண்டையே பார்த்தார். பிறகு, “சாம்பார் உள்ள குடுக்கவா, வெளிய வெக்கவா?” என்று கேட்டார். அந்த ஹோட்டலுக்கு இப்போதும் போகிறோம்.

எல்லாம் ஜூன் மாதம் வரைக்கும்தான். ஜூனில் அவளை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம், பெரியவன் படிக்கும் ஸ்கூலிலேயே. அதே மாதம் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். நான் டிப்ளமா மெக்கானிக்கல் படித்தவள். பெரியவன் பிறப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் வேலையில் இருந்தேன். பிறகு ஒரு பிள்ளை, இன்னொரு பிள்ளை என்று வருடங்கள் போய்விட்டன. கைலாசபுரம் தாண்டி, அங்கிருக்கும் பெரிய ஆலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் ஆள் கேட்டார்கள். போய் உட்கார்ந்து ஒரு டிராயிங் போட்டுக் காட்டினேன். கை மறக்கவில்லை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஸ்கூல் விட்டதும் கீழ்வீட்டு மாமி இரண்டு பேரையும் கூட்டி வந்துவிடுவார். நான் வந்து சேர ஆறு மணி ஆகும். முதல் நாள் வந்ததும் சின்னவளின் டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சை சாதம் காலையில் வைத்தபடியே இருந்தது, மேலே வைத்த அப்பளம்கூட உடையவில்லை.

“ஏண்டி சாப்பிடலை?”

“பார்த்துட்டேம்மா” என்றாள்.

நான் திரும்பி இவரை முறைத்தேன். இவர் அவசரமாகப் பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் தேங்காய் சாதம், அதற்கடுத்த நாள் குட்டி தோசை, பிறகு பூரி. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். கெஞ்சினேன், மிரட்டினேன், பொம்மை வாங்கித் தருவதாக ஆசை காட்டினேன். இரண்டாவது வாரம் மத்தியானத்தில் சோர்ந்து பெஞ்சிலேயே தலை சாய்த்துவிட்டாள் என்று அவள் மிஸ் எனக்கு போன் செய்தார். “வெறும் வயித்துல எப்படிங்க உக்காரும் புள்ள? ஏதாவது விஷயம் இருக்கா வீட்ல?”

வேறு வழியில்லாமல் திரைக் கதையைச் சொன்னேன். பட்டறையின் வாசலில் நின்று, பின்னால் கிரைண்டிங் மெஷின் அலற, பெருமாள், துண்டு, டம்ளர் என்று கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். “இவ்வளவுதானா? என் துப்பட்டாவை ஜன்னல் கம்பியில கட்டி விட்டுடறேன் விடுங்க” என்றார். தங்கமான மனுஷி.

மறுநாள் மத்தியானம் அவரே கூப்பிட்டார். இந்தமுறை சிரிக்கவில்லை. “துப்பட்டா கட்டினேங்க. சமத்தா உள்ள போய் உக்காந்தா. ஆனா சாப்பிடலை. கேட்டா, உள்ள பட்டர் இல்லையே மிஸ்ங்கறா. சரின்னு நானே குனிஞ்சு உள்ள போனேன். நீங்க பெரிசா இருக்கேள், வெளில நின்னு சேவிங்கோன்னு அனுப்பிட்டா.”

சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு அழுகையும் வந்தது. துணிக்காக அவள் பட்டினி கிடக்கவில்லை. துணிக்குள் இருந்தவளுக்காகக் கிடந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது நான். நானோ அந்த நேரத்தில் கைலாசபுரத்துக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு குழாயைத் தாங்கும் முட்டுக்கு அளவு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை மிஸ் இதமாகத்தான் சொன்னார், ஆனால் முடிவாகச் சொன்னார். “கொஞ்ச நாளைக்கு மத்தியானமே வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. வீட்ல சாப்பிடட்டும். அடுத்த வருஷம் சரியாப் போயிடும்.” மாமி பாவம், ஊட்டிப் பார்த்து அவரும் கைவிட்டுவிட்டார். இவர் பேங்க் கவுன்ட்டரை விட்டு மத்தியானத்தில் எழுந்து வர முடியாது. ஆக, வேலையை விட வேண்டியது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்குமே வரவில்லை. அதில்தான் எனக்கு ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை காலையில் இவரிடம் சொன்னேன். “இன்னைக்கு முதலாளிகிட்ட சொல்லிடப் போறேன். வேலை வேணாம்.”

இவர் பெரியவனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். சீப்பு நின்றது. “நான் ஆரம்பிச்சு வெச்ச கூத்து. நீ ஏன் விடணும்?” என்றார். ஆனால் அவரிடமும் வேறு யோசனை இல்லை.

பட்டறையில் முதலாளியிடம் போனேன். “சார், பாப்பாவை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரணும். அரை நாள் லீவு குடுங்க. சாயங்காலம் போன் பண்ணி மத்ததைச் சொல்றேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் புரிந்துகொண்ட மாதிரிதான் இருந்தது. “போயிட்டு வாங்கம்மா” என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு மணி அப்போதுதான் அடித்திருந்தது.

மிஸ் என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, ஜன்னலோரம் நிற்கச் சொல்லிக் கை காட்டினார். உள்ளே குழந்தைகள் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். மூலையில் பச்சைத் துப்பட்டா தொங்கியது. அதற்குக் கீழே இரண்டு சின்ன ஷூக்கள், அசையாமல். என் பிள்ளையின் ஷூக்கள். காலையில் நான் மாட்டிவிட்டவை. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். ரெட்டைப் பின்னல், முன்பல் உடைந்த வாய். அவளுடைய அப்பாவுக்குத் திருவானைக்கோவில் பக்கம் பிராய்லர் கோழிக் கடை என்று கிளம்பும்போது மிஸ் சொன்னார். தன் பாக்ஸில் பாதியைக் காலி செய்துவிட்டு, கையை யூனிபார்மில் துடைத்துக்கொண்டு, துப்பட்டாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏய், உள்ள என்னா பண்ற?”

“பெருமாளா இருக்கேன்” என்றது துப்பட்டா.

“சாப்பிடலையா?”

“பட்டர் வரலை.”

“அவங்க என்னா பண்ணுவாங்க?”

“ஊட்டுவா.”

“ப்பூ, அவ்வளவுதானா? எந்தம்பிக்கு நாந்தான் ஊட்டுறேன். தள்ளு” என்று துணியை விலக்கி உள்ளே நுழைந்துவிட்டாள். இப்போது துணிக்குக் கீழே நான்கு ஷூக்கள். டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம்.

“வாயத் தொற. இன்னும் பெருசா. ம்… மெல்லு. மெல்லுன்னா மெல்லணும், சும்மா வெச்சுக்கக் கூடாது. எனக்கு வெளையாடப் போகணும்ல?”

பட்டர்களில் இவ்வளவு அதிகாரமாகப் பேசும் ஒருவரை நான் பார்த்ததில்லை. என் சின்னவளும் பார்த்திருக்க மாட்டாள். துப்பட்டா குலுங்கியது. உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பிறகு பாக்ஸைக் கையால் வழிக்கும் சத்தம். பிறகு, “மணி அடிக்கணும். யாராவது அடிங்கோ” என்று என் மகளின் குரல். வகுப்பு மொத்தமும் தண்ணீர் பாட்டிலை பெஞ்சில் தட்ட ஆரம்பித்தது. மிஸ் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். துப்பட்டா விலகியது. ரெட்டைப் பின்னல்காரி காலி பாக்ஸை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் சின்னவள் என்னைப் பார்த்தாள். ஓடி வருவாள், இடுப்பைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாக ஜன்னலுக்கு வந்து, கன்னத்தில் பருக்கை ஒட்டியிருக்க, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீ ஏம்மா ஆபீஸ் போகலை?”

“உன்னைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“நான் வரலை. இப்போ அவ பெருமாள். நான் பட்டர். அவ பாக்ஸ்ல இன்னும் பாதி இருக்கு.” ஒரு கணம் யோசித்தாள். “நீ ஆபீஸ் போ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

ஸ்கூல் வாசலில் நின்று முதலாளிக்கு போன் செய்தேன். “சார், சாயங்காலம் வரைக்கும் லீவு வேணாம். இப்பவே கிளம்பி வந்துடறேன். நாளைக்கும் வருவேன்.” அவர், “வாங்கம்மா வாங்க” என்றார். பஸ்ஸில் உட்கார இடமில்லை. காவிரிப் பாலம் தாண்டும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கூடவே நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வலித்தது. மூன்று வருடம் எப்போது விடுவாள் என்று காத்திருந்தேன். விட்டுவிட்டாள். விட்டதும் இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் இவரிடம் நடந்ததை நடித்தே காட்டினேன். ‘மெல்லுன்னா மெல்லணும்’ என்ற இடத்தில் பெரியவன் தரையில் உருண்டு சிரித்தான். பிராய்லர் கடை விஷயத்தையும் சொன்னேன், இவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாமென்று. இவர் மூக்கைத் தடவிக்கொண்டார். “கைங்கர்யம் மனசாரப் பண்ணினா போறும். அந்தக் குழந்தையை ஞாயித்துக்கிழமை ஆத்துக்குக் கூப்பிடு. அக்காரவடிசல் பண்ணலாம்” என்றார்.

அதற்குள் சின்னவள் என் ஆபீஸ் பையைக் குடைந்திருந்தாள். என் டிபன் பாக்ஸை எடுத்துத் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். காலையில் வைத்த தயிர் சாதம் அப்படியே இருந்தது. பஸ்ஸிலும் ஸ்கூல் ஜன்னலிலுமாக மதியம் போய்விட்டது, எனக்குச் சாப்பிட நினைவே வரவில்லை.

“நீ சாப்பிடவே இல்லையே” என்றாள்.

“நேரமில்லடி கண்ணு.”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்துபோய்க் கொடியிலிருந்த துண்டை இழுத்து, ஒரு முனையை அப்பாவிடமும் மறுமுனையை அண்ணனிடமும் கொடுத்தாள். என்னைச் சுவரோரம் உட்கார வைத்தாள். பாக்ஸைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தாள். துண்டு மூடியது. அவளுடைய சின்னக் கையில் தயிர் வழிய, அள்ளியதில் பாதி என் புடவையில் விழுந்தது. சாதம் லேசாகப் புளித்திருந்தது.

எனக்குக் கடைசியாக யார் ஊட்டினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

“அழாம சாப்பிடணும்” என்றாள் அவள், மெதுவாக, வெளியே யாருக்கும் கேட்காமல். நான் வாயைத் திறந்தேன்.